நாலு டயருக்கு ஈடாக

தேவகோட்டை லாரன்சு கட்டிவிட்டுப் போனான்.
"முகூர்த்த நாளெல்லாம் முடியட்டும்,
காசோட வந்து மீட்டுக்கிறேன்."
கானாடுகாத்தான் விலக்கில் என் பஞ்சர் கடை.
வேம்பில் ஒரு செம்பழுப்புப் பெட்டைக்குதிரை,
நெற்றி மயிரில் மாப்பிள்ளை அழைப்பின் ஜிகினா மிச்சம்.
பெயர் ராக்கெட்.
வெடி கேட்டதும் மாப்பிள்ளையை உதறி ஓடும் குதிரைக்கு
எவன் வைத்தானோ.

முதல் நாள் கம்ப்ரசரைப் போட்டேன்.
கயிறு அறுந்தது.
பள்ளத்தூர்ப் பாதையில், கருவேலங்காட்டில்,
கண்ணின் வெள்ளை தெரிய நின்றது.
பிடிக்கப் போன எனக்கும் அதே மூச்சிரைப்பு.

அப்புறம் நான் காற்று விடும் விதத்தை மாற்றினேன்.
வால்வை மயிரளவு திறப்பேன்.
அதன் காது திரும்பினால் மூடுவேன்.
மறுபடி திறப்பேன்.
"ஏப்பா சாத்தையா, டயருக்குத் தாலாட்டா?"
லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திச் சிரித்தார்கள்.
அந்த ஹாரனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க ஒரு முழுப் பகல்.
நான் இழுத்தேன், அதுவும் இழுத்தது.
கடைசியில் இழுப்பதை விட்டு
முழங்காலுக்குக் கீழே விரலை வைத்துக் காத்திருந்தேன்,
துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு
பீடி பற்றவைத்து உட்காருவது மாதிரி.
நாலரை மணிக்குக் கால் தானாக லேசானது.

"புல்லுதான் சாப்பாடு, கொள்ளு தொட்டுக்க" என்பார்
கால்நடை டாக்டர் நாச்சம்மை.
சொன்னபடிதான் வைத்தேன்:
காய்ந்த அறுகு, ஊறிய கொள்ளு ஒரு பிடி,
ஒரு கட்டி உப்பு, தொட்டி நிறையத் தண்ணீர்.
கார்த்திகைக்கு முந்தின நாள்
யாரோ ஒரு புண்ணியவான் பிரியமாய் ஊட்டியிருக்கிறான்
ஒரு தூக்கு அதிரசம்.

இரவு படுத்துப் புரண்டது.
தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது.
டாக்டர் ஊசி போட்டார்.
"புரள விடாதீங்க. மெல்ல நடத்துங்க.
குடல் பேசுதான்னு காதை வச்சுக் கேளுங்க."

ஓட்டை டயரைக் காதால் கண்டுபிடிப்பவன் நான்.
சத்தம் வந்தால் அங்கே நோய்.
இதன் விலாவிலோ சத்தமே இல்லை;
அதுதான் நோய்.
பூட்டிய பெரிய வீடுகளின் தெருத்தெருவாக நடந்தோம்.
குளம்பொலி மதில் மதிலாகத் திரும்பி வந்தது,
நாங்கள் ஒரு படை என்பதுபோல.
ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.
ஊருணியை மூன்றாம் முறை சுற்றும்போது
காதுக்குள் ஒரு குடுகுடு.
விடிவதற்குள், ஆவி பறக்க, தெரு நடுவே போட்டது.
டாக்டருக்குப் போன் செய்து
"சாணி! சாணி!" என்று கத்தினேன்.
வேறு வார்த்தை வரவில்லை.

அதன் பிறகு ரயில்.
செட்டிநாடு ஸ்டேஷனுக்கு அப்பால் இருநூறு அடி தள்ளி
தினமும் சாயங்காலம் நிற்போம்.
வாரத்துக்குப் பத்தடி கிட்டே.
ஒரு வாரம் என் மனசு சரியில்லை,
வங்கிக்காரனோடு சண்டை.
கயிறு வழியே அது தெரிந்துவிட்டது அதற்கு.
முப்பது அடி பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தோம்.

தை மாதம் லாரன்சு வந்தான்,
சட்டைப்பையில் டயர்க் காசு.
"சாந்தமாயிருச்சாமே! நாளான்னைக்கு ஒரு ஊர்வலம்,
பத்தாயிரம் வாலா சரம்."

தண்டவாளத்துக்கு நாற்பதடியில் நின்றுகொண்டிருந்தோம்.
ரயில் வந்தது.
தோள்தோல் சிலிர்த்து ஓடியது,
ஈ உட்கார்ந்த மாதிரி.
ஓடவில்லை. என் பக்கம் ஒரு எட்டு வைத்து
தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது, நீளமாக.
"பயமே போயிருச்சு பாரு" என்றான் லாரன்சு.

போகவில்லை.
போன மாதிரி அவனுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.
காசை எண்ணாமல் அவன் பையிலேயே திணித்தேன்.
"டயர் நாலும் உன்னுது, போ."
நின்று முறைத்தான். கணக்குப் போட்டான். போனான்.

ஜல்லி மேல் நடந்து வந்திருக்கிறோம்,
கல் ஏறியிருக்குமே என்று குனிந்தேன்.
விரல் படுவதற்கு முன்பே
இடது முன்கால் கைக்கு வந்தது.